மேசையில் பிறந்த நாடுகள்

கதை கேட்பது ஒரு சுவை. கதைக்குள் தாமே புகுந்து நடமாடுவது வேறொரு சுவை. இவ்விரண்டாம் சுவைக்கு ஒரு முறைமை வகுத்தது, அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் கதையை நடத்துகிறார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, தாம் செய்வதைச் சொல்கின்றனர். ஐயத்துக்குரிய செயல் வெல்லுமா, தோற்குமா என்பதைப் பகடை தீர்க்கிறது. இவ்வாட்டத்தில் நெடுநாளாக ஈடுபாடு உடையவன் நான்.

ஆட்டம் நிகழ ஒரு நாடு வேண்டுமன்றோ? கனடா நாட்டவரான எட் கிரீன்வுட் இளமை முதல் கற்பனையில் வளர்த்த 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்னும் உலகம், 1987இல் ஆட்டத்துக்குரிய நூற்பெட்டியாக வெளிவந்தது. மலை, நகர், வணிகம் யாவும் அதில் விரிவாக உண்டு. எனினும் செம்பியா என்னும் நாட்டை மட்டும், கதை நடத்துவோரே நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்தனர். அப்பெட்டியில் எனக்கு மிகவும் உவப்பான பகுதி அதுவே.

திரைப்படத்துக்கோ இத்தகைய வெற்றிடம் ஆகாது. அங்கே ஒவ்வொரு கோட்டைக்கும் ஒரு வடிவம், ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு முகம் அமைந்தே தீரும். ஆகவே, மேசையிலிருந்து எதை எடுத்துச் செல்வது என்பதே படமெடுப்போர் முன் நிற்கும் வினா. 2000இல் ஆட்டத்தின் பெயரையே தாங்கி வந்த படம் டிராகன்களையும் மந்திரத்தையும் எடுத்துக்கொண்டு, கூடி ஆடுவோரின் உறவை மறந்தது. விமர்சகரும் அதனைப் பாராட்டவில்லை.

ஜப்பானில் நிகழ்ந்தது வேறு. ரியோ மிசுனோ நடத்திய ஆட்டத்தின் உரையாடல்கள் 1986 முதல் ஓர் இதழில் தொடராக வந்தன. அவையே 1988இல் நாவலாயின. 1990இல் 'லோடாஸ் தீவுப் போர்' என்னும் சித்திரப்படத் தொடராயின. நண்பர் குழுவோடு சேர்ந்தே அத்தீவும் வளர்ந்தது. 2023இல் வந்த 'ஹானர் அமங் தீவ்ஸ்' படமோ கிரீன்வுட்டின் உலகிலேயே நிகழ்வது. அதில் வரும் திருடர்களின் திட்டங்கள் அடுத்தடுத்து முறிகின்றன. முறிந்த இடத்தில் கூடிப் பேசி வேறு வழி தேடுகின்றனர். மேசையில் நாங்கள் செய்வதும் அதுவே.

படம் பார்த்துவிட்டு ஆட வரும் இளைஞர், "இது முடிந்துபோன நாடு, எனக்கு இங்கே என்ன வேலை?" என்று எண்ணிவிடக் கூடாது என்பதே என் கவலை. கதை நடத்துவோரே, திரை காட்டிய நகரங்களைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால், உங்கள் நிலப்படத்தில் ஒரு மூலையையேனும் எழுதாமல் விடுங்கள். புதிதாக வருபவர் தம் முதல் அடியை அங்கே வைக்கட்டும்.