இழுப்பு மாத்திரையின் கதை

நகரியில் எங்கள் வீட்டில் அதற்கு 'இழுப்பு' என்று பெயர். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்களுக்கு 'உப்பசம்'. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. பெயர் இரண்டானாலும் திணறல் ஒன்றுதான். அப்பா தறிக்காரர். பஞ்சுத் தூசியும் பனியும் சேர்ந்துவிட்டால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பார்.

ஆயாவின் மருந்து ஆடாதோடை இலைக் கஷாயம். அதை வெறும் கைவைத்தியம் என்று தள்ளிவிட முடியாது. அந்த இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை ஒட்டித்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் உருவானது. இருமல் சிரப்புகளில் இன்றும் அது இருக்கிறது. ஊர்க்காரர் சிலர் ஐதராபாத்துக்கு ரயிலேறி, ஜூன் மாதம் மிருகசீரிஷக் கார்த்தியன்று தரப்படும் விரால் மீன் மருந்தையும் விழுங்கி வந்தார்கள். அது நோயைத் தீர்க்கும் என்பதற்கு மருத்துவ நிரூபணம் இல்லை.

ஆங்கில மருந்தும் ஒரே நாளில் வந்ததல்ல. சீனர்களின் 'மா ஹுவாங்' மூலிகையிலிருந்து 1885-இல் ஜப்பானியரான நாகாய் எபிட்ரினைப் பிரித்தெடுத்தார். 1924-இல் சென், ஷ்மிட் என்ற இருவர் அதன் குணத்தை விளக்கிய பிறகு உலகமெங்கும் பரவியது. மூச்சுக்குழாய் விரியும்; கூடவே நெஞ்சு படபடக்கும், தூக்கம் போகும்.

மூச்சுக்குழாயை மெதுவாக இறுக்கும் ஏதோ ஒன்று உடம்பிலேயே சுரக்கிறது என்று 1938-இல் ஃபெல்ட்பெர்க், கெல்லவே ஆகியோர் கண்டார்கள். அது லூக்கோட்ரையீன் என்று 1979-இல் ஸ்வீடனின் சாமுவேல்சன் குழு தெளிவாக்கியது. அதன் வேலையைத் தடுக்கும் மான்டெலுகாஸ்ட் மாத்திரைக்கு 1998-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அறுபது வருட உழைப்பு!

டாக்டர் அப்பாவுக்கு இந்த மாத்திரையோடு இன்ஹேலரும் எழுதிக் கொடுத்தார். அப்பா மாத்திரையை மட்டும் வைத்துக்கொண்டார். "அதை ஊதினா பழக்கமாயிடும்டா, நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாங்க?" என்பார். ஒரு மார்கழி ராத்திரி திணறல் வந்தது. இன்னொரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருந்தார். புத்தூர் வழியாகத் திருப்பதிக்குக் காரில் கொண்டுபோகையில் உதடு நீலம் பாய்ந்திருந்தது. எப்படியோ பிழைத்தார்.

இந்த மாத்திரை தினமும் போட வேண்டிய காவல். வந்துவிட்ட திணறலை உடனே இறக்காது. அதற்கு இன்ஹேலர்தான். இது அன்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு. மனச்சோர்வு, கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் ஆகியவை சிலருக்கு வரலாம் என்று 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடும் எச்சரிக்கை சேர்த்தது. வெறும் தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் வேறு மருந்து கேட்காதபோது மட்டும் இதைக் கொடுங்கள் என்றும் சொன்னது.

ஆகவே கடையில் கேட்டு வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். டாக்டர் எழுதித் தந்ததை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வேலியில் ஆடாதோடை இருக்கட்டும். இன்ஹேலர் தலைமாட்டிலேயே இருக்கட்டும்.