ஈரான்ஷா: ஓர் அணையா நெருப்பின் வரலாறு

தெற்கு குஜராத்தின் வல்சாடு மாவட்டத்தில் அரபிக்கடலை ஒட்டிய சிறிய ஊர் உத்வாடா. அங்குள்ள ஆலயத்தில் எரியும் நெருப்பை, ஈரானிலிருந்து வந்த ஜரதுஷ்டிர சமயத்தாரான பார்சிகள் ‘ஈரான்ஷா’ என்று அழைக்கிறார்கள். ஈரானின் அரசர் என்று பொருள். கி.பி. 651இல் சாசானிய வம்சத்தின் கடைசி மன்னர் மூன்றாம் யஸ்தகிர்து மெர்வ் நகரருகே கொல்லப்பட்டார். அதன் பிறகு இம்மக்களுக்கு முடிசூடிய மன்னர் எவரும் வாய்க்கவில்லை. மன்னர் இருந்த இடத்தில் அவர்கள் நெருப்பை அமர்த்தினார்கள்.

கால்கோள் நாளில் தொடங்கி, திருப்பணி செய்தவர்களைப் போற்றி, குடமுழுக்கில் நிறைவு செய்வது ஆலய வரலாறு எழுதுவோரின் வழக்கம். ஈரான்ஷாவுக்கு அந்த வரிசை ஒத்துவராது. இப்போதுள்ள கட்டடம் மோட்லிபாய் வாடியா அம்மையாரின் கொடையால் 1894இல் எழுந்தது. நெருப்பு அந்த ஊருக்கு வந்தது 1742இல். நெருப்பின் வயதோ ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டும். கட்டடங்கள் மாறின, ஊர்கள் மாறின, அரசுகள் மாறின. மாறாமல் இருந்தது, வேளை தவறாமல் அதற்குக் கட்டை இட்ட புரோகிதர்களின் கைங்கரியம் மட்டுமே. ஜரதுஷ்டிர சமயம் இன்றுவரை உயிரோடு இருப்பதற்குப் பேரரசர்களைவிட இவர்களே காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

சமயத்தின் தொடக்கம் மிகப் பழையது. ஜரதுஷ்டிரர் கிழக்கு ஈரானியப் பகுதியில் வாழ்ந்தவர். அவருடைய காலத்தை கி.மு. 6ஆம் நூற்றாண்டாகக் கொள்ளும் மரபு ஒன்று உண்டு. ஆனால் அவர் பாடிய 17 காதாக்களின் மொழி ரிக் வேத மொழிக்கு மிக நெருக்கமானது. ஆகவே கி.மு. 1500க்கும் 1000க்கும் இடைப்பட்ட காலமே பொருத்தம் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. யாகம், சோமம், மித்திரன் என நாம் அறிந்தவற்றுக்கு அங்கே யஸ்னா, ஹவோமா, மித்ரா என்று இணைகள் இருக்கின்றன. பல தெய்வங்கள் வழிபடப்பட்ட சூழலில் அஹுரா மஸ்தா என்ற ஒரே பரம்பொருளை அவர் முன்னிறுத்தினார். உலகில் உண்மைக்கும் பொய்க்கும் நடக்கும் போரில் எந்தப் பக்கம் நிற்பது என்பதை ஒவ்வொரு மனிதரும் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்.

அகமேனிய மன்னர் முதலாம் தாரியஸ், பெஹிஸ்துன் மலைப்பாறையில் தம் வெற்றிகளை அஹுரா மஸ்தாவின் அருளாகப் பொறித்து வைத்தார். கி.மு. 330இல் அலெக்சாந்தரின் படை பெர்செபொலிஸ் அரண்மனையை எரித்தது. பின்னர் கி.பி. 224இல் எழுந்த சாசானியர் ஆட்சியில் ஜரதுஷ்டிர சமயமே அரச சமயமாயிற்று. அதுவரை வாய்மொழியாக வந்த அவெஸ்தா என்னும் மறைநூலை எழுதுவதற்கென்றே தனி எழுத்துமுறை உருவானதும் அவர்கள் காலத்தில்தான். 21 பகுதிகளாக இருந்த அந்தப் பெருந்தொகுப்பில் வெந்திதாத் ஒன்றுதான் ஏறக்குறைய முழுதாகக் கிடைத்திருக்கிறது. மற்றவற்றில் தப்பியவை பெரும்பாலும் வழிபாட்டில் ஓதப்பட்ட பகுதிகள். அரசரின் நூலகம் காக்க முடியாததைப் புரோகிதரின் நாக்கு காத்தது.

இவர்களை நெருப்பை வணங்குவோர் என்று சொல்வது பலகாலப் பழக்கம். சரியான பேச்சு அல்ல. அஹுரா மஸ்தாவின் படைப்பைக் காக்க ஆறு புனித ஆற்றல்கள் இருப்பதாக இச்சமயம் சொல்கிறது. கால்நடைகள் நல்லெண்ணமாகிய வோஹு மனாவின் காப்பில், நிலம் அர்மைதியின் காப்பில், நீர் ஹௌர்வதாதின் காப்பில், தாவரங்கள் அமெரெதாதின் காப்பில், உலோகங்கள் க்ஷத்ராவின் காப்பில் இருக்கின்றன. நெருப்பு அஷாவுக்கு உரியது. அஷா என்றால் உண்மை, ஒழுங்கு, நேர்மை எல்லாம் சேர்ந்த ஒன்று. எனவே நெருப்பின் முன் நிற்பது உண்மையின் முன் நிற்பது. நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல் ஆகிய மூன்றையும் அங்கே நின்று ஒருவர் தமக்குத் தாமே உறுதி செய்துகொள்கிறார். இறந்தபின் ஆன்மா சின்வத் பாலத்தைக் கடக்கும்போது துணைக்கு வருவதும் இந்த மூன்றே.

நிலத்தையும் நீரையும் நெருப்பையும் பிணத்தால் தீட்டுப்படுத்தக் கூடாது என்ற கொள்கையிலிருந்துதான், உடலை தக்மா என்னும் உயரமான கட்டடத்தில் கழுகுகளுக்கு விடும் வழக்கமும் வந்தது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்தால் 1990களில் இந்தியக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தபோது, இம்மக்களின் ஈமக்கடனே நிலைகுலைந்தது.

அரபுப் படையெடுப்புக்குப் பின் ஈரானில் தங்கியவர்கள் ஜிஸியா வரியையும் நீண்ட இழிவையும் சுமந்தார்கள். ஒரு பகுதியினர் கடலேறினார்கள். அவர்களுடைய பயணத்தை பஹ்மன் கைகோபாத் என்ற புரோகிதர் 1600ஐ ஒட்டி ‘கிஸ்ஸா-இ-சஞ்சான்’ என்ற பாரசீகக் கவிதை நூலாக எழுதி வைத்தார். குராசானிலிருந்து கிளம்பி, மலைகளில் 100 ஆண்டுகள், ஹொர்முஸில் 15 ஆண்டுகள், தியூவில் 19 ஆண்டுகள் என்று கணக்கிடுகிறது அந்நூல். தியூவிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் புயலில் சிக்கின. கரை சேர்ந்தால் பெருநெருப்பு ஒன்றை நிறுவுவோம் என்று நேர்ந்துகொண்டார்கள். சஞ்சான் கரையில் ஜாதி ராணா என்ற மன்னர் அவர்களை வரவேற்று நிபந்தனைகள் விதித்தார். உள்ளூர் மொழியைப் பேச வேண்டும், பெண்கள் உள்ளூர் உடையை அணிய வேண்டும், ஆயுதங்களைத் துறக்க வேண்டும், திருமணங்களை மாலையில் நடத்த வேண்டும் என்பவை அவற்றில் சில. பாலில் சர்க்கரை கலந்து காட்டியதாக எல்லோரும் சொல்லும் இனிய கதை இந்நூலில் இல்லை. பின்னாளில் மக்கள் வாய்மொழியில் சேர்ந்தது அது. கரை சேர்ந்த ஆண்டு 716 என்பாரும் 936 என்பாரும் உண்டு.

நேர்ந்துகொண்டபடி நிறுவிய அந்த நெருப்பே ஈரான்ஷா. ஆதஷ் பெஹ்ராம் எனப்படும் இந்த உயர்நிலை நெருப்பை எழுப்பும் முறை அசாத்தியப் பொறுமையைக் கேட்பது. பதினாறு இடங்களின் நெருப்பு வேண்டும். குயவர் சூளை, பொற்கொல்லர் உலை, கொல்லர் பட்டறை, சாயம் காய்ச்சும் அடுப்பு, ரொட்டி சுடும் அடுப்பு, இடையர் மூட்டிய தீ, அரசர் மனைத் தீ, பிணம் எரிந்த தீ, மின்னல் தாக்கி மூண்ட தீ எனப் பட்டியல் நீளும். சமூகத்தில் யாருடைய அடுப்பும் விடுபடவில்லை என்பதுதான் இதில் என்னை மிகவும் ஈர்ப்பது.

ஒவ்வொன்றையும் தூய்மை செய்யும் விதத்தை ஜீவன்ஜி ஜம்ஷெட்ஜி மோதி 1922இல் வெளியிட்ட தம் பெருநூலில் விரிவாக எழுதியிருக்கிறார். துளைகளிட்ட கரண்டியில் சந்தனச் சீவல்களை வைத்து, தீயின்மேல் படாமல் சற்று உயரத்தில் பிடிக்கிறார்கள். சுடர் தொடக் கூடாது. வெப்பம் மட்டுமே ஏறிச் சீவல் பற்ற வேண்டும். பற்றிய தீயிலிருந்து மறுபடி அதேபோல இன்னொன்று. பிணம் எரிந்த தீயை இப்படி 91 முறை கடத்துகிறார்கள். ஒவ்வொரு முறையும் முந்தைய தீயின் அழுக்கு கீழே தங்கிவிடுகிறது. கடைசியில் பதினாறும் ஒன்றாகி அரியணை ஏறும். இந்தியாவில் இத்தகைய நெருப்புகள் மொத்தம் எட்டு: மும்பையில் நான்கு, சூரத்தில் இரண்டு, நவ்சாரியில் ஒன்று, உத்வாடாவில் ஒன்று. எட்டில் மூத்தது ஈரான்ஷா.

சஞ்சானில் பல நூற்றாண்டுகள் அமைதியாகக் கழிந்தன. 15ஆம் நூற்றாண்டில் சுல்தானின் படை சஞ்சானைத் தாக்கியபோது, ஊரைக் காத்த இந்து மன்னரோடு சேர்ந்து அர்தேஷிர் தலைமையில் 1,400 பார்சிகள் போரிட்டார்கள். ஊர் வீழ்ந்தது. நெருப்பை எடுத்துக்கொண்டு புரோகிதர்கள் பஹ்ரோத் மலைக்குகையில் 12 ஆண்டுகள் ஒளிந்திருந்தார்கள் என்றும், பிறகு வான்ஸ்தாவில் 14 ஆண்டுகள் தங்கினார்கள் என்றும் கிஸ்ஸா சொல்கிறது. மழைக்காலத்தில் அந்தக் குகையில் காய்ந்த விறகு எப்படிக் கிடைத்தது, யார் சுமந்து ஏறினார்கள் என்பதையெல்லாம் எந்த நூலும் பதியவில்லை. என் மதிப்பில் இந்த நிறுவனத்தின் மிகப் பெரிய ஆண்டுகள் அவைதாம்.

அங்கிருந்து நெருப்பை நவ்சாரிக்கு அழைத்து வந்தவர் சாங்கா ஆசா என்ற பெருந்தனக்காரர். சடங்குகளில் எழுந்த ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள நரிமான் ஹோஷங்கை ஈரானுக்கு அனுப்பியவரும் அவரே. 1478இல் விடைகளோடு வந்த அந்த மடல் தொடங்கிவைத்த ‘ரிவாயத்’ கடிதப் போக்குவரத்து 1773 வரை நடந்தது. அக்பரின் அவையில் தம் சமயத்தை விளக்கி மானிய நிலம் பெற்ற தஸ்தூர் (தலைமைப் புரோகிதர்) மெஹர்ஜி ராணாவும் நவ்சாரிக்காரரே.

நவ்சாரியில் ஒரு சிக்கலும் முளைத்தது. நெருப்புப் பணி சஞ்சான் வழிப் புரோகிதர்களுக்கு, ஊர்ச் சடங்குகள் நவ்சாரியின் பகாரியா புரோகிதர்களுக்கு என்பது உடன்படிக்கை. காலப்போக்கில் வருவாயிலும் உரிமையிலும் பூசல் வந்தது. வழக்குகளும் கசப்பும் வளர்ந்தன. இதை மறைத்து எழுதுவதில் பயன் இல்லை. மராட்டியப் படையெடுப்புக்கு அஞ்சி 1730களில் சில ஆண்டுகள் சூரத்தில் இருந்த நெருப்பு மீண்டும் நவ்சாரி வந்தது. பூசல் தீராமல் சஞ்சான் புரோகிதர்கள் அதை வல்சாடுக்குக் கொண்டுபோய், 1742இல் உத்வாடாவில் நிலைநிறுத்தினார்கள். அன்று வந்த ஒன்பது குடும்பங்களின் வழியினரே முறைவைத்து இன்றும் பணி செய்கிறார்கள்.

பிற சமயத்தார் உள்ளே செல்ல அனுமதி இல்லை. அங்கே நடப்பதை நூல்கள் வழியே அறிகிறோம். நாள் ஐந்து வேளைகளாகப் பிரிகிறது: ஹாவன், ரபித்வன், உஸேரன், ஐவிஸ்ருத்ரம், உஷாஹின். ஒவ்வொரு வேளை மாறும்போதும் வெள்ளை உடையில், மூச்சுக்காற்று நெருப்பில் படாதபடி வாயை வெள்ளைத் துணியால் மறைத்த புரோகிதர் கருவறைக்குள் போகிறார். பெரிய வெள்ளிக் கலத்தில் நெருப்பு. மேலே அரசச் சின்னமாக ஓர் உலோக மகுடம் தொங்குகிறது. சந்தனக் கட்டைகளை அரியணை வடிவில் அடுக்குகிறார். தீய எண்ணம், தீய சொல், தீய செயல் ஆகியவற்றை விலக்கும் சொற்களை ஓதும்போது மணி ஒலிக்கிறது. இதற்கு ‘போய்’ என்று பெயர். வழிபட வந்தவர்கள் சாம்பலை நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். நிறுவிய நாளான ஆதர் மாதத்து ஆதர் நாளில் நாடெங்குமிருந்து பார்சிகள் திரள்கிறார்கள். அவர்களுடைய ஷாஹன்ஷாஹி நாட்காட்டியில் மிகுநாள் கிடையாது. ஆகையால் இப்போது ஏப்ரலில் வரும் அந்த விழா மெல்ல முந்தைய நாட்களை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது.

தென்னாட்டுக்கும் இச்சமயத்துக்கும் பழைய உறவு உண்டு. கி.பி. 849ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் சாட்சிக் கையொப்பங்களில் சில பஹ்லவி எழுத்தில் உள்ளன. அவர்களில் ஜரதுஷ்டிர சமயத்தாரும் இருந்ததாக ஆய்வாளர் கருதுகிறார்கள். சென்னை ராயபுரத்தில் பிரோஜ் கிளப்வாலா, இளமையிலேயே இறந்த தம் மகன் ஜாலின் நினைவாக 1910இல் எழுப்பிய தார்-எ-மெஹர், தமிழ்நாட்டின் ஒரே பார்சி ஆலயம். உதகையில் பிறந்து, 1952இல் சென்னை சமூகப்பணிப் பள்ளியைத் தோற்றுவித்த மேரி கிளப்வாலா ஜாதவ் இந்தச் சிறு சமூகத்தில் வந்தவர்.

2001 கணக்கெடுப்பில் 69,601ஆக இருந்த இந்தியப் பார்சிகள், 2011இல் 57,264ஆகக் குறைந்தார்கள். எண்ணிக்கையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். 2013இல் அரசே ‘ஜியோ பார்சி’ திட்டத்தைக் கொண்டுவந்தது. புரோகிதர் பற்றாக்குறையைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சு இல்லை. புரோகிதக் குடும்பத்தில் பிறந்த ஆண்களே பணிக்கு வரலாம் என்பது இந்திய மரபு. மும்பை தாதரில் 1919 முதல் நடக்கும் அதோர்னான் பள்ளியில் சிறுவர்கள் தங்கிப் படித்து, யஸ்னாவின் 72 அதிகாரங்களையும் மனனம் செய்து, நாவர், மர்தப் என்னும் இரு தீட்சைகளையும் பெறுகிறார்கள். படித்து முடித்ததும் பலர் பொறியாளராகவும் கணக்காளராகவும் போய்விடுகிறார்கள். குடும்பம் நடத்தப் போதாத ஊதியத்தில் அவர்களை இருக்கச் சொல்ல யாருக்கும் வாயில்லை. கட்டடத்துக்கும் பளிங்குக்கும் அள்ளிக் கொடுக்கும் அறக்கட்டளைகள், கட்டை இடும் கைகளுக்கும் அதே தாராளத்தைக் காட்ட வேண்டும். ஈரானில் தெஹ்ரான் புரோகிதர் அவை 2011இல் பெண்களையும் உதவிப் புரோகிதர்களாகச் சேர்த்துக்கொண்டது. இந்தியத் தஸ்தூர்கள் அந்த வழிக்கு இன்னும் வரவில்லை. பேசி முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்களும் அந்த ஒன்பது குடும்பத்தாரும்தான்.