கவலை போய்ப் பம்பு வந்த கதை

சேலம் நகருக்கு வடக்கே, சேர்வராயன் மலையின் அடிவாரத்திலுள்ள கொண்டப்பநாயக்கன்பட்டியில் பிறந்தவன் நான். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாறையைக் குடைந்து வெட்டியவை. அவற்றின் ஆழத்தை அடிக்கணக்கில் சொல்லமாட்டார்கள். ஓர் ஆள் உயரத்தை ஒரு மட்டு என்று கொண்டு, ஆறு மட்டு, ஏழு மட்டு என்பார்கள். கவலை இறைத்த நாளில் அந்தக் கணக்கே போதுமானதாயிருந்தது. நீர் இறங்கினால் வடக்கயிற்றை நீட்டினார்கள்; எருதுகள் சரிவில் இன்னும் சற்றுத் தூரம் நடந்தன. சால் தாமதமாக வந்ததே தவிர, வராமல் நின்றதில்லை.

மையவிலக்குப் பம்பின் இயல்பு வேறு. அதற்குரிய உயரத்துக்கு மேல் அது ஒரு சொட்டும் தராது.

இப்பம்புக்கு உள்ளே வளைந்த தகடுகளை அமைத்து, 1851-ஆம் ஆண்டு இலண்டன் பொருட்காட்சியில் அதன் ஆற்றலைக் காட்டியவர் ஜான் அப்போல்டு. நம் மாகாணத்தில் எண்ணெய் எஞ்சினோடு அதனைப் பூட்டி உழவர்களிடையே பரப்ப முயன்றவர்களில் முதன்மையானவர், சென்னைப் பொறியியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன். கிணற்றுப் பாசனத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1912-இல் வெளிவந்தது. சேலத்தாருக்கு அவர் அந்நியரல்லர். 1906-இல் இங்கே அரசாங்கக் கைத்தறி நெசவாலையைத் தொடங்கியவரும் அவரே.

எங்கள் வீட்டுக்குப் பம்பு வந்தது 1976-இல். தந்தையார் எருதுகளை விற்று, பழைய எஞ்சின் ஒன்றும் பம்பு ஒன்றும் வாங்கினார். “நாற்பது அடி ஹெட்” என்றார் விற்றவர். நீர்மட்டத்துக்கு இருபது அடிக்கு மேல் வைத்தால் பம்பு நன்றாக உறிஞ்சாது என்பதால், கிணற்றோரம் பள்ளம் வெட்டி அதில் இரண்டையும் இறக்கினோம். தையில் தண்ணீர் நன்றாகவே பாய்ந்தது. சித்திரையில் நீர்மட்டம் முப்பத்து நான்கு அடிக்கு இறங்கியது. எஞ்சின் ஓடியது, குழாய் வாயில் ஈரமில்லை. அரை ஏக்கர்க் கத்தரி எங்கள் கண்ணெதிரே வாடியது.

அப்பொழுது நான் ஆசிரியப் பயிற்சி மாணவன். விடுமுறையில் வந்தவன், பம்பைப் பிரித்து அளந்து பார்த்தேன். உள்ளே சுழலும் சக்கரத்தின் குறுக்களவு எட்டு அங்குலம். ஒரு கல்லை மேல்நோக்கி எறிந்தால், எறிந்த வேகத்துக்கேற்ற உயரம் போகும். பம்பும் ஏறத்தாழ அப்படித்தான்: சக்கர விளிம்பின் வேகம் விநாடிக்கு எத்தனை மீட்டரோ, அதனை அதனாலேயே பெருக்கி 19.6-ஆல் வகுத்தால், நீர் எத்தனை மீட்டர் ஏறும் என்பது தோராயமாகக் கிட்டும். நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் ஏறத்தாழ நாற்பத்து மூன்று அடி வருகிறது. விற்றவர் பொய் சொல்லவில்லை! ஆனால் எங்கள் எஞ்சின் 650 சுற்று. அதன் புல்லி பன்னிரண்டு அங்குலம், பம்பின் புல்லி ஆறு. ஆகவே பம்பு சுற்றியது 1300 தான். கணக்கில் வந்தது முப்பத்திரண்டு அடி. அந்த முப்பத்திரண்டு அடியும் தண்ணீர் குழாயில் ஏறி அசையாமல் நிற்கும் உயரமே. வெளியே பாய வேண்டுமானால் அதற்கும் குழாயின் உராய்வுக்கும் சில அடிகள் மிச்சமிருக்க வேண்டும்.

பம்பின் புல்லியை ஐந்து அங்குலமாக மாற்றினோம். சுற்று 1560 ஆயிற்று. ஏற்றுயரம் நாற்பத்தாறு அடியைத் தாண்டியது. தண்ணீர் வந்தது. எஞ்சின் மட்டும் முன்னிலும் அதிகமாக முனகியது, எண்ணெயும் கூடுதலாகக் குடித்தது. வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால், வேண்டிய திறன் முக்கால் பங்களவு கூடிவிடுகிறதல்லவா?

“இதைத் தையிலேயே பார்த்திருக்கலாமே, கண்ணு” என்றார் தந்தையார். கத்தரி அதற்குள் காய்ந்துபோயிருந்தது.

பின்னர் மின்சார மோட்டாரும் பம்பும் ஒரே அச்சில் அமைந்த மோனோபிளாக் வந்து, புல்லிக் கணக்கை ஒழித்தது. இன்று ஆழ்குழாய்க் கிணறுகளில், சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நீர்மூழ்கிப் பம்புகள் ஓடுகின்றன. ஒவ்வொரு சக்கரமும் தன் பங்குக்குச் சில மீட்டர் ஏற்றுகிறது. எங்கள் பழைய கிணற்றின் கரையில் கவலைக் கற்கள் இரண்டு மட்டும் இன்னும் நிற்கின்றன.