திட்டறதுக்கும் உள்ளே போகணும்

1

கலகக்காரன் என்றதும் தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு உருவம் கண்ணில் நிற்கும். கோர்ட்டில் நின்று சட்டத்தைக் கேள்வி கேட்பான். கோயிலில் நின்று சாமியைக் கேள்வி கேட்பான். போலீசின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் பணக்காரன் வீட்டில் எடுத்து ஏழைக்குக் கொடுப்பான். இந்த உருவத்தில் பெரும்பங்கு சென்னையில் செய்யப்பட்டதல்ல. நம்ம கோயமுத்தூரில், சிங்காநல்லூரிலும் புலியகுளத்திலும் இருந்த இரண்டு ஸ்டுடியோக்களில் செய்யப்பட்டது.

சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜுபிடர் பிக்சர்ஸ் எடுத்த 'வேலைக்காரி' 1949-இல் வந்தது. பட்சிராஜா ஸ்டுடியோவிலிருந்து 'ஏழை படும் பாடு' 1950-இலும் 'மலைக்கள்ளன்' 1954-இலும் வந்தன. ஆறு வருசத்துக்குள் மூன்று படங்கள். சாமி, சட்டம், சிறை, போலீஸ், பணக்காரன் எல்லாவற்றையும் இந்த மூன்றும் உலுக்கிப் பார்த்துவிட்டன. இவற்றைப் பற்றி எழுதியவர்கள் வசனத்தைப் பற்றி எழுதினார்கள், கட்சி வளர்ந்த கதையை எழுதினார்கள். அந்தக் கலகக்காரன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டவர்கள் குறைவு. நாம் கேட்போம்.

2

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அவரும் பஞ்சாலைப் பணக்காரர்களும் சேர்ந்துதான் 1930-களில் சென்ட்ரல் ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். அதில் பங்காளியாக இருந்த எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு தனியே போய் நடத்தியது பட்சிராஜா. கோவையில் பஞ்சு நூலானது. நூலில் வந்த காசில் ஒரு பகுதி பிலிம் சுருளானது. கொங்கு நாட்டில் மண்ணும் மில்லும் யார் கையில் இருந்தனவோ, கேமராவும் கிட்டத்தட்ட அவர்கள் கையிலேயே இருந்தது.

அதே ஊரில் சினிமாவுக்கு வெளியே நடந்த கலகம் ஒன்றும் உண்டு. சின்னியம்பாளையம் மில் தொழிலாளிகள் ராமய்யன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னய்யன் ஆகிய நால்வரும் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். மில் நிர்வாகத்துக்கு அடியாளாக இருந்தவன் கொல்லப்பட்ட வழக்கு அது. தொழிலாளிப் பெண் ஒருத்திக்கு நடந்த பாலியல் கொடுமை அதற்குப் பின்னால் இருந்தது. வ.உ.சி. செக்கிழுத்த அதே சிறைதான். செக்கிழுத்த காட்சி 1961-இல் 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் வந்துவிட்டது. நால்வரின் தூக்குமரம் அந்த மாதிரி தமிழ்நாட்டின் கண்ணில் பதியவே இல்லை.

நால்வர் தூக்கிலேறி மூன்று வருசம் கழித்து, சிறையிலிருந்து சில மைல் தூரத்தில் விளக்குப் போட்டு செட் போட்டு, சட்டத்தை எதிர்த்த கலகம் படமாக்கப்பட்டது. நிஜத்தில் கழுத்தை இறுக்கிய சட்டம் திரையில் வாதத்தில் தோற்றது. கைதட்டல் கிடைத்தது. இந்த இடைவெளியை மனசில் வைத்துக்கொண்டு படங்களுக்குள் போவோம்.

3

சி.என். அண்ணாதுரை எழுதி, ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கி, கே.ஆர். ராமசாமி நடித்த 'வேலைக்காரி' 1949 பிப்ரவரியில் வெளியானது. செப்டம்பரில் தி.மு.க. பிறந்தது. கதை தெரிந்ததுதான். வேதாசல முதலியாரிடம் பட்ட கடனுக்காக ஆனந்தனின் அப்பா சுந்தரம் பிள்ளை தூக்குப் போட்டுக்கொள்கிறார். முதலியார் நாளும் காளிக்குப் பூசை செய்கிறவர், நாளும் வளர்கிறார். ஆனந்தன் காளி கோயிலுக்குள் போய், இது என்ன நியாயம் என்று அவளையே ஏசுகிறான். கூட்டம் அவனைத் துரத்துகிறது.

நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது ஒரு பேராசிரியர் இந்தக் காட்சியை மேசையைத் தட்டித் தட்டி நடத்தினார். தமிழன் கடவுளை நேருக்கு நேர் கேள்வி கேட்ட முதல் காட்சி என்றார். கடைசி பெஞ்சில் என் பக்கத்திலிருந்த தோழன் காதோரம் சொன்னான்: "திட்டறதுக்கும் உள்ளே போகணுமல்லடா."

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு ஆராய்ச்சியே இருக்கிறது. சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947-இல். 'வேலைக்காரி' வந்தது அதற்கு இரண்டே வருசம் கழித்து. சட்டம் வந்ததே தவிர, ஊர்க் கோயிலின் படி ஏறுவது வேறு சங்கதி. இன்றுவரைக்கும் எத்தனையோ ஊரில் வேறு சங்கதிதான். ஆனந்தன் கோயிலுக்குள் போகிறபோது யாரும் தடுக்கவில்லை. அவன் சாமியைத் திட்டிய பிறகுதான் துரத்துகிறார்கள். நாம் கும்பிடப் போனாலே துரத்துகிறார்கள். பிள்ளை வீட்டுப் பையனுக்குக் கோயில் என்பது கோபித்துக்கொள்ள உரிமையுள்ள சொந்த வீடு. கதவுக்கு வெளியே நிற்கிறவனுக்கு, உள்ளே இருப்பது கல்லா தெய்வமா என்ற விவாதம் இரண்டாவது கேள்வி. கதவுதான் முதல் கேள்வி. அந்தக் கதவைப் பற்றிப் படத்தில் பேச்சில்லை.

அப்புறம் ஆனந்தன் எப்படிப் பழி வாங்குகிறான்? தன் சாயலில் இருந்து செத்துப்போன ஒரு ஜமீன் வீட்டுப் பையனின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறான். அந்த வேசத்தில் முதலியாரின் மகளைக் கட்டுகிறான், குடும்பத்தை ஆட்டி வைக்கிறான். பிறகு இன்னொரு வேசத்தில் வக்கீலாக வந்து கோர்ட்டையும் ஜெயிக்கிறான். பட்டுச்சட்டை போட்டால் பையனை ஜமீனாக்கிவிடலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று கதை நம்புகிறது. சாதி தெரிந்த ஊரில் நம்மாளு ஒருத்தன் அப்படி வேசம் கட்டிப் பிழைக்க முடியுமா? அப்பன் பேர் என்ன, எந்த வளவு என்று இரண்டு கேள்வியில் வேசம் கலைந்துவிடும்.

இதைச் சொல்வதால் அண்ணா செய்தது ஒன்றுமில்லை என்று ஆகாது. படத்தைத் தடை செய்யச் சொல்லிக் குரல் எழுந்த காலம் அது. வேலைக்காரி அமிர்தத்தை மருமகளாக்கச் சொன்ன படம் அது. ஆனால் முதலியார் திருந்துவதோடு கதை முடிகிறது. பண்ணையம், வட்டி, கோயில் எதுவும் கை மாறவில்லை. பெரியவர் மனசு மாறியது, அவ்வளவுதான். பெரியவர் மனசு மாறும் வரை காத்திருக்கச் சொல்வதை நாம் கலகம் என்று சொல்வதில்லை.

4

'ஏழை படும் பாடு' விக்டர் ஹ்யூகோவின் பிரெஞ்சு நாவல். சுத்தானந்த பாரதி தமிழாக்கியதைக் கே. ராம்நாத் படமாக்கினார். நாகையா நடித்த கந்தன் சிறைக்குப் போய் வந்தவன். பெயரை மாற்றிக்கொண்டு உழைத்து மதிப்புள்ள மனிதனாகிறான். பழைய கைதி என்பதை மறக்காத போலீஸ் அதிகாரி வாழ்நாளெல்லாம் துரத்துகிறார். அந்த அதிகாரியாக நடித்த சீதாராமன் பிறகு சாகும் வரை ஜாவர் சீதாராமன் என்றே அழைக்கப்பட்டார். நாவலில் அந்த இன்ஸ்பெக்டரின் பெயர்தான் ஜாவேர்.

மூன்றில் நமக்குக் கிட்டத்தில் வருவது இந்தப் படம்தான் என்பேன். ஒருமுறை குத்திய முத்திரை அழியாது, பெயரை மாற்றினாலும் ஊரை மாற்றினாலும் பின்னாலேயே வரும் என்பது கந்தனின் கதை. அதைப் பிரெஞ்சு தேசத்தில் எழுதியவருக்குச் சாதி தெரியாது. ஆனால் பிழைக்கத் திருப்பூருக்கு வந்து, வாடகை வீட்டுக்காரரிடம் சாதியை மறைத்து, அம்மா ஊரிலிருந்து வருகிற நாளெல்லாம் பேச்சு மொழி காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயந்து வாழ்கிற எங்கள் பையன்களுக்குக் கந்தனைத் தெரியும். குற்றம் செய்தவனுக்கு விழுந்த முத்திரை அது. எங்களுக்குப் பிறந்ததற்கு விழுந்தது.

'மலைக்கள்ளன்' நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவல். கதை கொங்குக்காரருடையது, ஸ்டுடியோவும் கொங்கில். வசனம் மு. கருணாநிதி, நடிப்பு எம்.ஜி.ஆர்., பானுமதி. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அடுத்த சில வருசத்தில் தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் என்று ஐந்து மொழிக்குப் போனது. எம்.ஜி.ஆரை ஏழைகளின் காவலனாக நிறுத்திய முதல் படங்களில் ஒன்று. மலையில் தன் ஆட்களோடு தனி ராஜ்யம் நடத்துகிறான் கள்ளன். கீழே போலீஸ் தேடுகிறது, செல்வந்தர்கள் நடுங்குகிறார்கள்.

பல்லடம் பக்கத்து ஊரில் டூரிங் டாக்கீஸில் சின்னப் பெண்ணாக இதைப் பார்த்தவர் என் அம்மாயி. வயது எண்பது தாண்டிவிட்டது. கதையைக் கேட்டேன். சொன்னது இது:

"மலைமேல இருக்கற வரைக்கும் அவன் நம்மாளு மாதிரித்தான் கண்ணு இருந்தான். பண்ணாடி வூட்டுல எடுத்து இல்லாதவனுக்குக் குடுத்தான். நாங்கெல்லாம் சந்தோசமாப் பாத்துட்டிருந்தோம். கடசீல பாத்தா அவனும் பெரிய வூட்டுப் பையனாமா. அந்தப் புள்ளைக்கு மொறையுமாமா. அப்பறம் என்னத்தச் சொல்றது போ!"

எம்.ஏ. வகுப்பில் கிடைக்காத விமர்சனம் இது. மலைக்கள்ளனே ரஹீம் என்ற பணக்கார வியாபாரியாகவும் நடமாடுகிறான். கடைசியில் குமாரவீரன் என்று தெரிகிறது, நாயகி பூங்கோதையின் முறைப்பையன். கள்ளனை அவள் காதலித்ததில் இருந்த ஆபத்து அந்த நிமிசமே தீர்ந்துபோகிறது. ரத்தம் ரத்தத்தோடு சேர்ந்தது. சட்டத்தை மீறலாம், போலீசை மீறலாம், முறையை மட்டும் மீறக்கூடாது என்று கதை தீர்ப்பெழுதிவிடுகிறது.

5

நம்மாளு கதாநாயகனாகவே வந்ததில்லையா என்று கேட்கலாம். வந்தான். நந்தன். 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக நடித்தவர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். சம்பளம் ஒரு லட்ச ரூபாய். அந்தக் காலத்தில் ஊரே வாயைப் பிளந்தது. கொங்கு நாட்டுப் பெண் ஆண் வேசத்தில், அதுவும் பறையனாக வந்து கோலோச்சியது சின்ன விசயமல்ல.

ஆனால் அந்த நந்தன் என்ன செய்கிறான்? பண்ணைக்கார வேதியரிடம் சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தை ஒரே ராவில் விளைவித்து அறுத்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஈசன் செய்து கொடுக்கிறார். பிறகு தீயில் இறங்கிப் புனிதமாகி உள்ளே போகிறான். வேதியர் என்ற இந்தப் பாத்திரம் பெரிய புராணத்தில் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி தன் நந்தனார் சரித்திரத்தில் சேர்த்தது. பண்ணை அடிமைத்தனம் என்கிற உண்மை கதைக்குள் வந்தது அப்போதுதான். வந்ததும் அதற்குத் தீர்வாக அற்புதம் வைக்கப்பட்டது.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனந்தன் கோயிலுக்குள் நின்று திட்டுகிறான், உயிரோடு ஜெயிக்கிறான். நந்தன் கும்பிட நினைக்கிறான், தீயில் இறங்குகிறான். கலகம் அவனுக்கு, பக்தி நமக்கு என்று தமிழ் சினிமா தொடக்கத்திலேயே பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டது.

படம் பார்க்கிற இடமும் இப்படித்தான். எல்லாச் சாதிக்காரரும் ஒரே கூரைக்கடியில் உட்கார்ந்த முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகை, அங்கே இடத்தைத் தீர்மானித்தது காசுதான் என்று கா. சிவத்தம்பி எழுதியிருக்கிறார். பெரிய உண்மை அது. நம் சனம் சினிமாவை விழுந்து விழுந்து பார்த்ததற்கு அதுவும் காரணம். அம்மாயி அதில் ஒரு வரி சேர்த்தார்: "டிக்கெட்டு ஒண்ணுதான். ஆனா ஊர்க்காரிக வந்து மணல்ல உக்காந்தா நாங்க எந்திரிச்சு ஓரமாப் போயிருவோம். ஆரும் போகச் சொல்ல மாட்டாங்க. நாங்களே போயிருவோம்." கிணற்றில் கவலை ஓட்டத் தோல் பறி தைத்துக் கொடுத்தவன், செத்த மாட்டைத் தூக்கியவன், நகரத்துத் தெருவைக் கூட்டியவன் என்று எங்கள் சனம் அந்த ஓரத்தில் உட்கார்ந்துதான் திரையில் நடந்த கலகத்துக்கு விசில் அடித்தது.

6

2023-இல் 'மாமன்னன்' வந்தது. சேலம் பக்கத்துத் தனித்தொகுதி எம்.எல்.ஏ. மாமன்னன், கட்சிக்காரன் முன்னால் நின்றுகொண்டே பேசிப் பழகியவர். மகன் உட்காரச் சொல்கிறான். உட்காருவதா வேண்டாமா என்பதிலேயே கதை வெடிக்கிறது. கடைசியில் அவர் சபாநாயகர் நாற்காலியில் உட்காருகிறார். நிஜத்தில் ராசிபுரம் தனித்தொகுதியில் 2011-இல் ஜெயித்த அருந்ததியர் ப. தனபால், 2012 முதல் 2021 வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

மாமன்னன் வேசம் கட்டவில்லை. கடைசிக் காட்சியில் பெரிய வீட்டுப் பிள்ளையாக மாறவுமில்லை. பிறந்தபடியே இருந்து உட்கார்ந்தார். கொங்கு மண்ணைக் களமாக வைத்து அப்படி ஒரு படம் வர, 'மலைக்கள்ளன்' வந்து அறுபத்தொன்பது வருசம் ஆனது. எடுத்தவர் தெற்கத்திக்காரர் மாரி செல்வராஜ். நாற்காலியைக் கட்சி கொடுத்ததா அவர் எடுத்தாரா என்ற கேள்வியைப் படம் முழுசாகத் தீர்க்கவில்லை. அந்த விவாதத்தை நாம் நடத்த வேண்டும்.

சென்ட்ரலும் பட்சிராஜாவும் இன்றைக்கு இல்லை. அந்தப் படங்களை எடுத்தவர்கள், நடித்தவர்கள், எழுதியவர்கள் எல்லாருக்கும் வரலாறு இருக்கிறது. அந்த ஸ்டுடியோக்களில் மண் சுமந்தவர்கள், கூட்டத்தில் நின்றவர்கள், கொட்டகை மணலில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தவர்கள் சொல்வதை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்களில் மிச்சமிருப்பவர்களுக்கு இப்போது எண்பது, தொண்ணூறு வயது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் படிக்கிற மாணவத் தோழர்கள் இந்த லீவில் ஆளுக்கொரு நோட்டு எடுத்துக்கொண்டு வளவுக்குள் போங்கள். என்ன படம் பார்த்தீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள், எந்த இடத்தில் கைதட்டினீர்கள், எந்த இடத்தில் கை தானாக நின்றது என்று கேளுங்கள். கை நின்ற இடங்களைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.