கொழுக்கட்டையின் பதம்

மனையியல் வகுப்பில் மாணவர் கொழுக்கட்டை பிடிக்கப் பழகுவதை வெறும் சமையற் பாடமென்று கருதலாகாது. அது மிகப் பழைய கைவினை.

சங்க நூலாகிய மதுரைக்காஞ்சியில், மதுரை வீதியிலே நள்ளிரவில் அப்ப வாணிகர் இருந்தபடியே உறங்குகின்றனர். அவர்கள் விற்ற பண்டங்களுள் ஒன்று, உள்ளீடு வைத்துக் கையாற் பிடித்த மோதகம் என்கிறார் மாங்குடி மருதனார். அதன் உறவான கொழுக்கட்டையை, ஈழத்தில் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிக்கூழோடு சேர்த்துச் சிறுவர்க்குப் பாடினார். குழந்தைக்குப் பல் முளைத்தால் பல்லுக் கொழுக்கட்டை அவிப்பதும் நம் வழக்கம்.

அரிசி மாவுக்குக் கோதுமை மாவைப்போல் இழுபடும் தன்மை இல்லை. கொதிநீர் விட்டுக் குழைத்தால் மாவுச்சத்து வெந்து ஒட்டும். அப்போதுதான் விளிம்பு வெடிக்காமல் மடியும். நீர் குறைந்தால் பிளக்கும். கூடினால் கையில் ஒட்டும். இந்த நடுநிலையைத்தான் நம் பெண்கள் ‘பதம்’ என்றனர். பதமென்றால் சொல்லும் ஆகும். ஆனால் இந்தப் பதம் பெரும்பாலும் ஏட்டுவழி வந்ததன்று. அது கைவழியே வந்தது.

வகுப்பறை அளவுக் கோப்பையைத் தருகிறது, நல்லதே. எனினும் உச்சமுனை முதலான கற்பிட்டிக் கரையூர்ப் பிள்ளைகள், முதலில் தம் பாட்டிமாரின் அருகிலிருந்து அந்தப் பதத்தைக் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். பாட்டிமார் இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.