மகரந்தத்துக்கு யார் பெயர் சொல்வது?

1873இல் மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி, ஹே ஃபீவர் பற்றிய தன் ஆய்வுகளைப் புத்தகமாக வெளியிட்டார். வருஷா வருஷம் தும்மித் தும்மி அவதிப்பட்டவரும் அவரேதான். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு, ஒட்டிய மகரந்தத்தை மைக்ராஸ்கோப்பில் எண்ணினார்.

1952இல் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் ஜிம் ஹர்ஸ்ட் இந்தப் பிடிக்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்தார். நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை அது உறிஞ்சும். உள்ளே ஒட்டும் பரப்பு மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும். எண்ணுவது மட்டும் மனிதக் கண்தான். அதனால் கணக்கு எப்போதும் தாமதம்.

அந்தத் தாமதம் சாதாரண விஷயமில்லை. 2016 நவம்பர் 21 மாலை மெல்போர்னில் இடிமழையோடு புல் மகரந்தம் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். அங்கே நேற்றைய கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

இப்போது வந்திருக்கும் சில கருவிகள், பறக்கும் ஒவ்வொரு துகள்மீதும் லேசரை அடிக்கின்றன. துகள் பதிலுக்குத் தன் ஒளியை உமிழும். 1852இல் ஸ்டோக்ஸ் ஃப்ளோரசன்ஸ் என்று பெயரிட்டது இதைத்தான். அந்த ஒளியின் அலைநீளங்களைப் பார்த்து மெஷின் லேர்னிங் மாடல் இனம் பிரிக்கும், உடனுக்குடன்.

மென்பொருள்காரனாக எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். மாடலுக்குப் பாடம் எடுப்பவர், பூவை அடையாளம் கண்டு மகரந்தத்தை உதிர்த்துக் கொடுக்கும் தாவரவியலாளர். பழகாத மகரந்தம் வந்தால், தெரிந்த பெயர் ஒன்றை அதற்கு ஒட்டிவிடும் மாடல்கள் உண்டு. எண்ணுகிற ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், ஊருக்குள் புதிதாக நுழைந்த செடியின் பெயரை மெஷினுக்கு யார் சொல்வது?