சொன்னதும் சொல்லாததும்

பிரெடரிக் டக்ளஸ் 1838-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாகாணத்தினின்று தப்பிய அடிமை. அடிமை ஒழிப்புக் கூட்டங்களில் அவர் ஆற்றிய உரைகளின் செம்மையே அவருக்கு இடையூறாயிற்று. இவர் அடிமையாக இருந்திருக்கவே முடியாது எனப் பலர் ஐயுற்றனர்.

ஆகவே 1845-இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். எசமானர் பெயர், ஊர், பண்ணை, சவுக்கால் அடித்தோர் பெயர் யாவும் ஒளிவின்றி அதில் இடம்பெற்றன. அந்நூலைப் பொய்யென்று மறுக்கப் புகுந்தார் தாம்ப்சன் என்பவர். டக்ளஸைக் கல்வியறிவற்ற அடிமையாகத் தாமே அறிந்ததாகப் பத்திரிகையில் எழுதினார். மறுப்பே சான்றாயிற்று! டக்ளஸ் அவருக்கு நன்றி கூறினார்.

எனினும், சட்டப்படி அவர் அப்போதும் பிறர் உடைமையே. பெயர்களை வெளியிட்டதால் பிடிபடும் அபாயம் மிகுந்தது. கடல் கடந்து அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் சென்றார். அங்குள்ள அன்பர்கள் 1846-இல் 150 பவுன் கொடுத்து அவரை மீட்டனர்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என்னை ஈர்ப்பது அந்நூல் சொல்லாமல் விட்ட பகுதியே. தப்பிய வழியை அவர் அதில் எழுதவில்லை. எழுதினால் பின்வருவோர்க்கு அவ்வழி அடைபடும் என்று கருதினார். மாலுமி உடையணிந்து, இரவல் சான்றிதழுடன் ரயிலேறிய வரலாற்றை 1881-இல் வெளிவந்த நூலில் விரித்துரைத்தார். அதற்குள் அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.